சீலையை எடுக்கவேண்டியவர் யார்?



தாழ்மையைப் பற்றி நாம் கேளாத பிரசங்கமா? கன்வென்ஷன் பந்தலில் கேட்டாயிற்று. உபவாச ஜெபத்தில் கேட்டாயிற்று. கண்ணீரோடு முழங்காலில் நின்று, "என்னை உடைத்து உருவாக்கும் ஆண்டவரே" என்று ஜெபித்தும் ஆயிற்று. ஜெபம் முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடுகிறோம். யாரோ நம் செருப்பை மிதித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்! உள்ளே உடைந்த பாத்திரம் வெளியே வருவதற்குள் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

ஆகையால் இந்த மாதம் யோவான் 13-ம் அதிகாரத்துக்குள் கொஞ்சம் நிதானமாய்ப் போவோம். உங்கள் வேதாகமத்தை எடுத்து முதல் பதினேழு வசனங்களை வாசித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

வாசித்தீர்களா? நல்லது.

அந்த ராத்திரி மேல்வீட்டில் என்ன குறை? இடம் ஆயத்தம். பந்தி ஆயத்தம். தண்ணீர் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, துடைக்கிற சீலையும் இருக்கிறது. பன்னிரண்டு சீஷர்களும் இருக்கிறார்கள். சீலையை எடுக்கிற கை மட்டும் இல்லை.

அந்தக் காலத்து யூதேயா எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். தார் ரோடு இல்லை, ஷூவும் சாக்ஸும் இல்லை. அந்த வாரம் ஆண்டவரும் சீஷர்களும் பெத்தானியாவுக்கும் எருசலேமுக்கும் நடந்து போய்வந்து கொண்டிருந்தார்கள். ஒரு வழிக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். புழுதி, ஆட்டுப் புழுக்கை, கழுதைச் சாணம் எல்லாம் காலில் ஒட்டும். நம் வீட்டுக் காலண்டரில் நீள மேஜைக்கு ஒரே பக்கமாய் 13 பேரை உட்கார வைத்திருக்கிறார்களே, அது ஓவியர் தமக்குச் செய்துகொண்ட வசதி. உண்மையில் அன்று தாழ்வான பந்தியில் ஒருக்களித்துச் சாய்ந்து சாப்பிட்டார்கள். கால்கள் பின்னால் நீட்டியபடி இருக்கும். பக்கத்தில் சாய்ந்திருப்பவனின் மூக்குக்கு அந்தக் கால் அவ்வளவு தூரமில்லை! அதனால்தான் வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது அங்கே மரியாதை. சீமோன் என்ற பரிசேயன் அதைச் செய்யவில்லை என்று ஆண்டவரே எடுத்துச் சொன்னார் (லூக்கா 7:44).

தண்ணீர் கொடுப்பது மரியாதை. ஆனால் குனிந்து கழுவிவிடுவது வேறு. அது வீட்டிலே ஆகக் கடைசியில் இருக்கிற ஆளின் வேலை. எபிரெய அடிமையைக்கூட இந்த வேலைக்கு வைக்கக்கூடாது என்று யூதருடைய பழைய வேத விளக்கங்களில் இருக்கிறது. அத்தனை கீழான வேலை!

சீஷர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? அதே பந்தியில் நடந்த சங்கதியை லூக்கா 22:24 சொல்லுகிறது. தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பெரியவன் யார் என்று பேசுகிறவன் சீலையை எப்படி எடுப்பான்? எடுத்தால் தோற்றுப்போவானே! ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அழுக்குக் காலோடேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது எழுந்தவர் யார்? பேதுரு அல்ல. எல்லாரிலும் இளையவன் என்று நாம் சொல்லுகிற யோவானும் அல்ல. போதகர் எழுந்தார். மேல் வஸ்திரத்தைக் கழற்றினார். இடுப்பில் சீலையைக் கட்டினார்.

மூன்றாம் வசனத்தை இன்னொரு தரம் பாருங்கள். பிதா சகலத்தையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தாம் எங்கேயிருந்து வந்தார், எங்கே போகிறார் என்றும் இயேசு அறிந்திருந்தார். அதை அறிந்தவராய்த்தான் எழுந்தார். சகலமும் இருந்த அந்தக் கையில் அடுத்த நிமிஷம் என்ன இருந்தது? ஒரு மீன்பிடிக்காரனின் குதிகால்!

சிலர் தாழ்மை என்றால் தன்னைத்தானே மட்டம்தட்டிப் பேசுவது என்று நினைக்கிறார்கள். "நான் ஒண்ணுமே இல்லீங்க ஐயா, நான் ஒரு தூசி, ஒரு புழு" என்பார்கள். "ஆமாம் பிரதர், நீங்க சொல்றது சரிதான்" என்று நாம் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப்போகும்! ஆண்டவர் அப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கிறது சரிதான் என்றே சொன்னார். தாம் யார் என்று தெரிந்தவருக்குத் தரையில் உட்காரப் பயமில்லை. இன்னும் பெரியவனாகவேண்டும் என்று முண்டுகிறவனுக்குத்தான் குனிந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம்.

அந்த வரிசையில் யூதாஸ்காரியோத்தும் இருந்தான். அவன் அன்று ராத்திரி எழுந்து போனது 30-ம் வசனத்தில்; கால் கழுவினது அதற்கு முன்னே. அப்படியானால் அவனுடைய இரண்டு கால்களும் கழுவப்பட்டன. இன்னும் சிறிது நேரத்தில் எந்தக் கால்கள் தம்மைக் காட்டிக்கொடுக்க இருட்டில் நடக்கப்போகின்றன என்று அறிந்தும், அவற்றைக் கையில் எடுத்தார். மற்றவர்களுக்குத் துடைத்ததுபோலவே துடைத்தார். சீஷர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் காட்டிக்கொடுப்பவன் என்று பிறகு ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறார்களே! யூதாஸின் காலைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நம் முறை என்ன? ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால், நாம் கொடுக்கிற காபியின் சூட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

பிரியமானவர்களே, நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் பாதம் கழுவும் ஆராதனை உண்டு. நல்ல காரியம். ஆனால் நடக்கிறதைப் பாருங்கள். அன்றைக்கு வீட்டிலேயே சோப்பு போட்டு, படிக்கல்லில் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, மல்லிகைப்பூப் போலக் காலைக் கொண்டுவருகிறோம். கழுவிய காலைத்தான் கழுவுகிறோம்! அதிலும் யாருடைய காலைக் கழுவுவது என்று முன்னமே கண்ணால் பேசிக்கொள்கிறோம். மூப்பர் மூப்பருக்கு. அக்கா தன் தோழிக்கு. கடைசி வரிசையில் தனியாய் உட்கார்ந்திருக்கிற அந்தத் தாயாருக்கு யார்? அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை. நல்ல விசுவாசக் குடும்பம். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற சகோதரியும் அதே சபையின் விசுவாசி. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய பந்தியில் இருவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறார்கள், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறார்கள். "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கையும் கொடுத்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலை அந்தச் சகோதரி வேலைக்கு வருகிறார். சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் தனியே கவிழ்த்து வைத்திருக்கிறது. அதில்தான் அவருக்குக் காபி. குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். வீட்டுப் பிள்ளை தெரியாமல் அதை எடுத்துவிட்டால், "டேய், வை அதை! அது அவ டம்ளர்" என்று சத்தம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரம், திங்கட்கிழமை ஜன்னல் டம்ளர்! ஐயா, அம்மா, இதில் எது நம் விசுவாசப் பிரமாணம்?

"அது சுத்தத்துக்காக வைத்திருக்கிறோம், வேறொன்றுமில்லை" என்று சொல்லுவோம். அப்படியா? நம் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கழுவிக் கொடுக்கிறது அவர் கைதானே! அந்தக் கை கழுவின தட்டில் நாம் சாப்பிடலாம். அந்த வாய் குடித்த டம்ளர் மட்டும் ஆகாது. இதற்குச் சுத்தம் என்று பேரில்லை. இதற்கு என்ன பேர் என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்தால் தப்பு என்று பேசுகிற நாம், அதையே வீட்டு ஜன்னலில் வைத்திருக்கிறோம்.

இது நேற்று வந்த வியாதியும் அல்ல. 1833-ல் கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வித்தியாசத்தை விட்டுவிடவேண்டும் என்று உத்தரவு எழுதினார். அப்போது ஆலயத்தில் உட்காருகிற இடத்திலும், திருவிருந்துக்கு முன்வருகிற வரிசையிலும் சாதி பார்க்கப்பட்டது. பலன் என்ன? வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் சபையை விட்டே வெளியேறினார்கள். கர்த்தருடைய பந்தியை விட்டாலும் விடுவேன், வரிசையை விடமாட்டேன் என்கிற பிடிவாதம்! "அவர்கள் பெயர்க் கிறிஸ்தவர்கள், நாங்கள் அபிஷேகம் பெற்றவர்கள்" என்று நாம் சொல்லுவதற்கு முன்னால், நம்முடைய கல்யாணப் பேச்சுவார்த்தைகளை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் கர்த்தருடைய சித்தத்துக்கு விடுகிறோம். அந்த ஒன்றை மட்டும் தரகரிடம் மெதுவாய்க் கேட்டு வைத்துக்கொள்கிறோமே!

கொரிந்து சபையிலும் இப்படித்தான். வரங்களுக்குக் குறைவில்லாத சபை. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், எல்லாம் உண்டு. ஆனாலும் பந்திக்குக் கூடிவரும்போது, இருக்கிறவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தான், இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான். பவுல் அப்போஸ்தலன் அங்கே என்ன சொன்னார்? நீங்கள் சாப்பிடுகிறது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார் (1 கொரிந்தியர் 11:20-22). பயங்கரமான வார்த்தை! அபாத்திரமாய்ப் பங்குபெறுவது என்றவுடன் நாம் சிகரெட்டையும் சினிமாவையும் நினைக்கிறோம். அந்த அதிகாரத்தில் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பசியோடு இருந்த ஏழையிடத்தில் தொடங்குகிறது.

நம் பெந்தெகொஸ்தே சரித்திரத்திலிருந்தும் ஒரு காரியம் சொல்லவேண்டும்.

வில்லியம் சீமோர் 1870-ல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். கறுப்பினத்தவர். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். ஹூஸ்டன் பட்டணத்தில் ஒரு வேதபாடசாலையில் படிக்கப் போனார். வெள்ளையரோடு ஒரே அறையில் உட்காரக்கூடாது என்ற அந்நாளின் முறைப்படி, வெளியே நடையில் உட்கார்ந்து, கதவு வழியாய் வந்த பாடத்தைக் கேட்டார். அந்த மனுஷனைத்தான் 1906-ல் கர்த்தர் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசுசா தெருவில் எழுப்புதலுக்குக் கருவியாக எடுத்தார். குதிரை லாயமாயிருந்த கட்டிடம். ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு ஆசனம். ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்த இரண்டு மரப்பெட்டிகள்தான் பிரசங்க பீடம். சீமோர் அநேக நேரம் அந்தப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பாராம். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் முழங்கால்படியிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்நியபாஷையைவிட இதுதான் பலருக்குப் பெரிய அதிசயமாயிருந்தது, சிலருக்குப் பெரிய இடறலாயும் இருந்தது. பாதம் கழுவுதலும் அந்த ஊழியத்தில் ஒரு நியமமாக இருந்தது.

அது நிலைத்ததா? இல்லையே! சில வருஷங்களுக்குள் நிறத்தின்படி பிரிந்து போனார்கள். 1948-ல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளுக்கென்று ஒரு ஐக்கியம் உண்டாக்கினபோது, அதில் இருந்ததெல்லாம் வெள்ளையர் சபைகள் மாத்திரமே. எல்லாரும் ஆவியில் நிறைந்தவர்கள்தான்!

பின்பு 1994 அக்டோபர் மாதம் மெம்பிஸ் பட்டணத்தில் இரு தரத்தாரும் கூடினார்கள். 18-ம் தேதி, கூட்டத்தின் நடுவே, டொனால்ட் எவன்ஸ் என்ற வெள்ளையினப் போதகர் தண்ணீரும் பாத்திரமுமாய் வந்தார். கறுப்பினப் பிஷப்பான இத்தியேல் கிளமன்ஸின் காலடியில் முழங்காலில் நின்று, அழுது மன்னிப்புக் கேட்டு, அவர் கால்களைக் கழுவினார். பிறகு சார்லஸ் பிளேக் என்கிற கறுப்பினப் பிஷப் எழுந்துபோய், அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளின் தலைவர் தாமஸ் டிராஸ்கின் கால்களைக் கழுவினார். 1948-ல் உண்டான அந்தப் பழைய ஐக்கியம் கலைக்கப்பட்டு, இரு நிறத்தாரும் சேர்ந்த புதிய ஐக்கியம் ஏற்பட்டது. ஒரு பாத்திரம் தண்ணீரில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் யார் குனிந்தார் என்று கவனியுங்கள். யாருடைய பக்கத்தார் கதவை மூடினார்களோ, அந்தப் பக்கத்தார் முதலில் குனிந்தார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். நம் சபைகளில் தாழ்மைப் பிரசங்கம் எப்போதும் யாருக்குப் போய்ச் சேருகிறது? மருமகளுக்கு. வேலைக்காரிக்கு. சம்பளம் கேட்கிற டிரைவருக்கு. பதில் பேசுகிற வாலிபனுக்கு. ஏற்கனவே குனிந்திருக்கிறவர்களை இன்னும் குனியச் சொல்லுகிறோம். யோவான் 13-ல் அப்படி இல்லையே! அங்கே சீலையைப் போதகர் எடுத்தார். ஒருவரையும் கூப்பிட்டு, "நீ போய்க் கழுவு, உனக்குத் தாழ்மை வேண்டும்" என்று சொல்லவில்லை.

குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடத்தில், "தாழ்மையாய்ப் பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று ஒரு சகோதரியை நாம் திருப்பி அனுப்பினால், அது தாழ்மையின் உபதேசம் அல்ல. ஆண்டவரைப் பிரதான ஆசாரியனுடைய வீட்டில் ஒரு சேவகன் அறைந்தபோது, என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டார் (யோவான் 18:23). கால் கழுவின அதே ராத்திரியில்தான் அப்படிக் கேட்டார்! அந்தச் சகோதரிக்குப் பாதுகாப்பான இடம் தேடிக்கொடுங்கள். போலீஸுக்குப் போகவேண்டியிருந்தால் துணைக்குப் போங்கள். தாழ்மைப் பிரசங்கத்தை அந்தப் புருஷனுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டுக் காரியங்கள் இன்னும் எத்தனையோ உண்டு. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவி எழுந்துபோகிற சகோதரர்களே, அந்தத் தட்டை எடுத்துக் கழுவ அபிஷேகம் தேவையில்லை, தண்ணீர் போதும். பிள்ளையை அநியாயமாய் அடித்துவிட்டோம் என்று தெரிந்தால், "அப்பா செய்தது தப்பு கண்ணா" என்று சொன்னால் தகப்பன் ஸ்தானம் குறைந்துபோகாது. நீங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியா? கழிப்பறை கழுவுகிறவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? ஊழியக்காரர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம்?

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லவேண்டும். அநேக வீடுகளில் வயதான தகப்பனோ தாயோ படுக்கையில் இருக்கிறார்கள். அங்கே சீலை என்பது உவமை அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு மலஜலம் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். முதுகில் படுக்கைப்புண் வராதபடி ஈரமில்லாமல் பார்க்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில்தான் இது விழுகிறது. அதுவும் மருமகள் தலையில். மகனோ முழு இரவு ஜெபத்துக்குப் போயிருக்கிறான்! அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறான்! தாய்தகப்பனுக்குச் செய்யவேண்டியதை, "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் எப்படிக் கடிந்துகொண்டார் என்பதை மாற்கு 7:9-13-ல் வாசியுங்கள். அந்த ராத்திரி வீட்டில் அப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கிற மருமகள், ஒருவேளை ஆறு மாதமாய் ஆராதனைக்கே வரமுடியாதவளாய் இருக்கலாம். பின்மாற்றக்காரி என்று யாரும் பேசவேண்டாம். அவளைப் போய்ப் பாருங்கள். ஒரு ஞாயிறு நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு அவளை ஆராதனைக்கு அனுப்புங்கள்.

பேதுருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் தன் காலைக் கொடுக்க மாட்டேன் என்றான். பார்வைக்குத் தாழ்மை, உள்ளே பெருமை! சிலர் எல்லாருக்கும் செய்வார்கள், ஒருவரிடத்திலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வியாதியாய்க் கிடந்தால் சபைக்குச் சொல்லமாட்டார்கள். ஏழை விசுவாசி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தால், "உனக்கு எதுக்கும்மா இந்தச் செலவு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர் வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் பாயில் உட்கார்ந்து, அவர் ஊற்றிக் கொடுத்ததை அவர் டம்ளரிலேயே குடியுங்கள்.

அப்படிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், ஜன்னலில் இருக்கிற அந்த டம்ளரை எடுத்து, மற்ற டம்ளர்களோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள். எது யாருடையது என்று மறுநாள் உங்களுக்கே தெரியாதபடி கலந்துவிடுங்கள். அடுத்த பாதம் கழுவும் ஆராதனைக்கு வரும்போது, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வராமல், வந்த வழியின் புழுதியோடே வாருங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முன்னமே பார்த்து வைக்காதீர்கள். கடைசி வரிசையிலிருந்து தொடங்குவோம்.